பெருவிரல் பொய் சொல்லாது

மனைவியின் அண்ணனுக்கு அவர் நாற்பதாயிரம் தர வேண்டியிருந்தது. கூரை ஒழுகிய வருஷம் வாங்கிய கடன். கூரை ஒழுகுவது நின்றுவிட்டது. மச்சானின் வாய் நிற்கவில்லை. நல்லது கெட்டது என்று நாலு பேர் கூடிய இடத்திலெல்லாம், "மாப்ளே, உங்க வீட்டுல மழை பெஞ்சா இப்ப நனையுறது நான்தான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மாப்பிள்ளையும் கூடச் சிரித்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்வார்.

அவரைத் தெருவில் தோல்காரர் என்பார்கள். தோல் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர்தான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அவர் பிரித்துக் கட்டிய தோல் கட்டுகளை எந்தக் கொம்பனும் அவிழ்த்துச் சோதித்ததில்லை. பதனிட்ட தோலை மேசைமேல் விரிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். கழுத்துப் பக்கம் பெருவிரலை வைத்து வால்வரைக்கும் ஒரே ஓட்டு. உண்ணி கடித்த பொட்டும் கத்தி கீறிய தடமும் அந்த விரலுக்குத் தப்பாது. கண் ஏமாற்றும், பெருவிரல் பொய் சொல்லாது என்பது அவருடைய வேதம். பணத்தையும் அப்படித்தான் எண்ணுவார்: பார்வை எதிராளியின் முகத்தில், கணக்கு விரலில்.

ஒருநாள் மச்சான் மண்டி வாசலுக்கே வந்து நாலு வார்த்தை விட்டுப் போனார். கேட்டுக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளை, "திக் ஸ்கின்" என்று இங்கிலீஷில் முனகினார். அப்படியென்றால் என்னவென்று தோல்காரர் கேட்டார். தடித்த தோல் என்று அர்த்தம், யார் என்ன சொன்னாலும் உறைக்காத ஆளுக்கும் அதே வார்த்தைதான் என்று கணக்குப்பிள்ளை கொஞ்சம் பயந்துகொண்டே சொன்னார். வேறொருவர் என்றால் சட்டையைப் பிடித்திருப்பார். இவருக்கோ பட்டம் வாங்கின மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் பெருமையடித்தார்.

"மெல்லிசுத் தோலு கையுறைக்குத்தான் ஆகும். செருப்புக்கு அடி தாங்குறது தடிச்ச தோலுதான், தெரிஞ்சுக்க."

"மிதிபடுறதும் அதுதானே," என்றாள் அவள்.

அந்த வாரத்தில்தான் சமையலறையில் தீய்ந்த வாடை வந்தது. மனைவி அடுப்பைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. சற்றுமுன் இறக்கி வைத்த இரும்புச் சட்டியின்மேல் தோல்காரர் கையை ஊன்றிக்கொண்டு மண்டிக் கதை பேசிக்கொண்டிருந்தார். அவள் பிடித்து இழுத்தபோது உள்ளங்கையின் ஓரம் வெந்து வெளுத்திருந்தது. அவர் அதை யாருடைய கையோ என்பதுபோலத் திருப்பிப் பார்த்தார்.

"பாத்தியா, திக் ஸ்கின்," என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவரைக் கவனிக்க ஆரம்பித்தாள். முழங்கைக்குக் கீழே வெளிறிய ஒரு திட்டு. அதில் முடியில்லை, உடம்பெல்லாம் வேர்க்கும்போதும் அந்த இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் கண்ணயர்ந்திருக்கையில் ஊக்கால் அதில் குத்தினாள். பிறகு அவருடைய பெருவிரல் நுனியில் குத்தினாள். ரத்தம் பொட்டாக வந்தது. குறட்டை நிற்கவில்லை. அவர் அலறியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அழுதாள், கெஞ்சினாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். அவர் ஒரே பிடியாக நின்றார்.

"போனா மண்டிக்குத் தெரியும். தெரிஞ்சா மேசைய விட்டு எறக்கிருவாங்க. இந்தச் சரக்கு முடிஞ்சதும் போனஸ் வருது. உங்கண்ணன் மூஞ்சில காச விட்டெறிஞ்சுட்டு நீ சொல்ற எடத்துக்கு வர்றேன்."

"அதுவரைக்கும் கை இருக்கணுமேங்க," என்றாள்.

மறுநாள் அவர் மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டார். வாழ்நாளில் முதல்முறையாகக் கண்ணைத் திறந்துகொண்டு தோலைத் தடவினார். விரலின் கீழே ஒன்றுமில்லை. கண்ணுக்கோ எல்லாத் தோலும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. கட்டுக் கட்டுகிற ஆள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "என்னண்ணே, கெளி ஜோசியக்காரன் மாதிரி இப்படி உத்துப் பாக்குறீங்க?" என்றான். மண்டியே சிரித்தது. மச்சானின் அத்தனை பேச்சிலும் உறைக்காதது அன்றைக்கு உறைத்தது. கட்டுகள் ஒவ்வொன்றாக வண்டி ஏறின. அதன்பின் கணக்குப்பிள்ளையின் அறையில் போன் அடிக்கும்போதெல்லாம் தோல்காரரின் கழுத்து தானாகத் திரும்பியது.

சரக்கு திரும்பி வருவதற்குள் போனஸ் வந்துவிட்டது. மாதச் சம்பளத்தையும் சேர்த்துப் புத்தம்புது நோட்டாக வாங்கிக்கொண்டு, மச்சானுக்குச் சொல்லி அனுப்பினார்.

மச்சான் வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்குப் புதையல் கிடைத்ததா என்று விசாரித்தார். தோல்காரர் நோட்டுக் கட்டைப் பிரித்தார். மச்சானின் முகத்தையே பார்த்துக்கொண்டு, பெருவிரலால் தள்ளித் தள்ளி நோட்டுகளைக் கொடுத்தார். மச்சான் அடுத்த கேலிக்கு வாயைத் திறந்தவர், கையைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். புது நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இடையிடையே இரண்டு இரண்டாக வந்துகொண்டிருந்தன. கொடுக்கிற கையின் ஓரத்தில் ஆறாத புண்ணில் நீர் கோத்திருந்தது.

"நாப்பது. சரியா இருக்கும்," என்றார் தோல்காரர்.

மச்சான் எண்ணினார். திரும்பவும் எண்ணினார். தங்கையை நிமிர்ந்து பார்த்தார். அவள் வாசற்படியில் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"கையக் காட்டுங்க மாப்ளே. மிச்சம் இருக்கு," என்றார். அந்தக் குரலில் கேலி இல்லை.

"என் கணக்குல மிச்சம் வராது மச்சான். பெருவிரல் பொய் சொல்லாது. இருந்தாலும் உங்க ஆசைக்கு வைங்க."

காசை மதிக்காதவராக முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உள்ளங்கையை விரித்து நீட்டினார். மச்சான் ஒவ்வொரு தாளாக அதில் வைத்தார். வைக்கும்போதெல்லாம் விரலால் அழுத்தினார். போகப்போக இன்னும் அழுத்தினார். கடைசித் தாளையும் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

தோல்காரர் வெளியே பார்த்தபடியே நின்றார்.

"எவ்வளவு நேரம் நீட்டிக்கிட்டு நிக்கிறது மச்சான்? வைங்கன்னா வைங்களேன்."