பனியன் வேஸ்ட் மெத்தை

எங்கள் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன தீபாவளிக்கு வந்தபோது அவள் எங்களுக்குத் துணி எடுத்து வரவில்லை. பனியன் கம்பெனி நடத்துகிற எங்களுக்குத் துணி எடுத்துக் கொடுத்து, அதில் நாங்கள் சொல்லும் குறையையும் கேட்டு அலுத்துப்போயிருந்தாள். பதிலுக்கு ஒரு கூடாரம் வாங்கி வந்தாள். வருசம் பூராவும் மெசின் சத்தத்தில் கிடக்கிறீர்கள், லீவிலாவது எங்கேயாவது போய் நிம்மதியாகத் தூங்குங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

எங்களுக்குக் கீழே கம்பெனி, மேலே வீடு. தீபாவளி லீவுக்கு டைலர்கள் எல்லாம் ஊருக்குப் போய் மெசின்கள் நின்ற பிறகுதான் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்கும். அந்தத் தடவை கேட்டதெல்லாம் சண்டைதான்.

சண்டைக்குக் காரணம் பாலியஸ்டர். லீவு விடுவதற்கு முன்னால் ஓர் ஏஜென்ட் வந்து, விளையாட்டு டீசர்ட் ஆர்டர் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். காட்டன் ஆர்டர் குறைந்துகொண்டே வந்த நேரம். ஊருக்குப் போன டைலர்கள் திரும்பி வந்தால் உட்கார வைக்க எங்களிடம் வேலை இல்லை. இதை எடுத்தால் பொங்கல் தாண்டியும் மெசின் ஓடும். என் வீட்டுக்காரர் முடியவே முடியாது என்றார். அவரைப் பொறுத்தவரை காட்டன்தான் துணி, மற்றதெல்லாம் பிளாஸ்டிக். அதைப் போட்டுக்கொண்டு மனிதன் தூங்குவானா என்று ஏஜென்ட்டையே திருப்பிக் கேட்டார். ஏஜென்ட் விடாக்கண்டன். யோசித்துச் சொல்லுங்கள் என்று ஒரு துணி ரோலையும் நாலைந்து சாம்பிள் டீசர்ட்டுகளையும் எங்கள் கார் டிக்கியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இவர் அதை வீட்டுக்குள் எடுத்துவரக்கூட இல்லை.

நானும் விடவில்லை. சோறு போடும்போது ஒரு தடவை, டிவி பார்க்கும்போது ஒரு தடவை சொன்னேன். அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். இந்த லட்சணத்தில்தான் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம்.

மலையடிவாரத்தில் அமராவதி நகர் பக்கம் அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கே போவதென்று முடிவானதும் படுக்கை ஏற்பாடு முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டார். காற்றடித்துப் படுக்கும் பிளாஸ்டிக் மெத்தை வேண்டாமாம். நல்ல காட்டன் துணியில் பெரிய உறை ஒன்று தைத்து, கம்பெனியில் மூட்டை மூட்டையாகக் கிடந்த பனியன் வேஸ்ட்டை அதற்குள் அடைத்தார். வெட்டும்போது விழுகிற துண்டுத் துணிதான் பனியன் வேஸ்ட். ஒர்க்சாப்காரர்கள் ஆயில் துடைக்க வாங்கிப் போவார்கள். மெத்தையைச் செய்து முடித்து, மேலே ஏறிப் படுத்துப் பார்த்து, என்னையும் படுக்கச் சொன்னார். சும்மா சொல்லக் கூடாது, சுகமாகத்தான் இருந்தது.

தேங்காய் தலையில் விழாத இடமாகப் பார்த்து, தோப்பை ஒட்டிய காலி நிலத்தில் கூடாரத்தை அடித்தோம். மழைக்கு மேலே போடும் உறையை நான் எடுத்துக் கொடுத்தேன். அதுவும் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது, காற்று வராது, வானத்தைப் பார், ஒரு பொட்டு மேகம் இல்லை என்று அதை ஓரமாக வைத்துவிட்டார். ஐப்பசி மாதத்தில் மலையடிவாரத்தில் படுத்துக்கொண்டு வானத்தை நம்பிய ஆள் அவர் ஒருவராகத்தான் இருப்பார். நானும் காற்றுக்கு ஆசைப்பட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

முதல் தூக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. கூடாரத்தின் கூரையில் வெறும் வலைதான், நேராக முகத்தில் அடித்தது. அவர் வேட்டியோடு வெளியே பாய்ந்து உறையைத் தேட, நான் டார்ச் அடிக்க, இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக் கட்டி முடிப்பதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டோம். உள்ளே வந்தால் தரையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்கு ஒரே ஆச்சரியம். அவர் நிம்மதியாக மெத்தையில் உட்கார்ந்தார், உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். உள்ளே வந்த தண்ணீர் மொத்தத்தையும் மெத்தை குடித்திருந்தது. உறிஞ்சும் என்பதற்காகவே ஊரெல்லாம் விலை கொடுத்து வாங்கும் சரக்கை மழைக்காலத்தில் முதுகுக்குக் கீழே விரித்திருக்கிறோம். இரண்டு பேருக்கும் பிறந்ததிலிருந்து தெரிந்த விசயம்தான், அந்த நேரத்துக்கு உதவவில்லை.

ஆளுக்கு ஒருபக்கம் பிடித்து மெத்தையை வெளியே இழுத்துப் போட்டோம். யானைக்குட்டி கனம் கனத்தது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவருக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. மாற்றுத்துணிப் பை தலைமாட்டில் இருந்ததால் அதுவும் நனைந்துவிட்டது. சிநேகிதர் வீட்டுக்குப் போகலாம் என்றால் காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பார் என்று மறுத்தார். காரில் உட்கார்ந்தே தூங்கினால் அவர் இடுப்பு தாங்காது. நான் போய் டிக்கியைத் திறந்தேன்.

பாலித்தீன் கவரில் சுற்றியிருந்த ரோல் நனையவே இல்லை. கவரைப் பிரித்துத் தரையில் விரித்தேன். அதன்மேல் துணியை நாலைந்து மடிப்பாகப் போட்டேன். உள்பக்கம் மெத்தென்று இருக்கும் கனத்த துணி, போர்த்திக்கொள்ளவும் மிச்சம் இருந்தது. சாம்பிள் டீசர்ட் ஒன்றை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"சளி புடிச்சா நாந்தானுங்க பாக்கோணும். போடுங்க" என்றேன்.

போட்டுக்கொண்டார். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நானும் ஒன்றை மாட்டினேன். மழை விடாமல் அடித்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய குறட்டை கேட்டது. தூங்கட்டும் என்று நினைத்தேன். ஆர்டர் குறைந்ததிலிருந்து அவர் ராத்திரியில் புரண்டு புரண்டு படுப்பது எனக்குத் தெரியும். பாவமாக இருந்தது. அதற்குப் பிறகு நானும் தூங்கிப்போனேன்.

விடிந்து வெயில் ஏறியும் அவர் எழுந்திருக்கவில்லை. தினமும் கோழி கூவும் முன்னால் எழுகிற மனிதர். நான் வெளியே வந்து, கொடி கட்டி எங்கள் துணிகளைக் காயப்போட்டேன். மெத்தையிலிருந்து இன்னும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. சிநேகிதர் டீயும் கையுமாக வந்து அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெரிய மனசு பண்ணி ஒன்றும் கேட்காமல் தூக்குப்போசியை வைத்துவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் எழுந்து வந்து டீ குடித்தார். நான் பாலியஸ்டர் பேச்சையே எடுக்கவில்லை. வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். அவர் போட்டிருந்த டீசர்ட்டின் ஓரத்தைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். புரட்டித் தையலைப் பார்த்தார். இழுத்து விட்டுப் பார்த்தார்.

"ஏனம்மிணி, இதுக்கு மெசின்ல எந்த நம்பர் ஊசி போடோணும்?" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெரியாது, ஏஜென்ட்டைக் கேட்டால் சொல்வார் என்று மட்டும் சொன்னேன். அவர் போனை எடுத்தார். ஏஜென்ட்டுக்குத்தான் பேசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கூப்பிட்டது, டைலர்களோடு தேனிக்குப் போயிருந்த எங்கள் கட்டிங் மாஸ்டரை.

"மாஸ்டர், லீவு முடிஞ்சு ஒருத்தரும் வேற கம்பெனி பாக்க வேண்டாமுங்க. எல்லாத்தையும் கூட்டீட்டு வந்துருங்க. வேலை இருக்குது."

அந்தப் பக்கம் மாஸ்டர் நன்றி சொல்லிக்கொண்டே போனார் போல, இவர் உம் கொட்டிக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டு முகத்தைத் தோப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, ராத்திரி மழையில் நனைந்ததில் தொண்டை கட்டிக்கொண்டது என்று கரகரத்த குரலில் சொன்னார். ஆமாங்க, நல்ல மழை என்றேன்.