மாமனார் வாங்க நினைத்த கார்

ரோட்டோர வடிகாணுக்குள் சாய்ந்து கிடந்த, வெள்ளைக்காரச் சின்னதுரையின் சிவப்புக் காரில் என் மாமனார் முதலில் தொட்டுப் பார்த்தது அதன் முன்விளக்கை. அதன் கண்ணாடி மட்டும் உடையாமல் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. காரின் மறுபக்கம் ஆட்கள் சேர்ந்து சக்கரத்தைத் தூக்கி, அடியில் சிக்கியிருந்த ரப்பர்ப் பால்வெட்டுக்காரி ஒருத்தியின் காலை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அலறல் பொறுக்காமல் நான் எங்கள் வாசலில் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். மாமனார் விளக்கில் தெறித்திருந்த சேற்றைத் தன் துண்டால் மெல்லத் துடைத்தார்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஒரு மழைக்காலம்கூட முடிந்திருக்கவில்லை. கேகாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது, வெள்ளைக்காரர் காலம். மாமனார் அங்கே பெரிய கங்காணி. இந்தியாவிலிருந்து ஆள் கூட்டிவந்து, வரிசை வீடுகளான லயங்களில் குடிவைத்து, வேலை வாங்குகிறவர். கோட்டும் தலைப்பாகையும் கடுக்கனுமாக அவர் ரோட்டில் வந்தால் தொழிலாளிகள் வடிகாணுக்குள் இறங்கி வழிவிடுவார்கள். துரையின் கார் வந்தால் அவரும் குடையை மடக்கிக்கொண்டு அதே வடிகாணுக்குள் இறங்குவார்.

வளைவில் கண்மண் தெரியாமல் ஓட்டிவந்த சின்னதுரைக்கு ஒரு கீறல்கூட இல்லை. கொழும்பில் புதுக் கார் பார்க்கிறார், இதை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார் என்று பங்களாவிலிருந்து பேச்சு வந்தது. அன்றிலிருந்து மாமனாருக்குச் சோறு இறங்கவில்லை. மாடு கட்டி இழுத்துவந்து ரப்பர் உலர்த்தும் பழைய புகைக்கூடத்தில் நிறுத்தியிருந்த அந்தக் காரைச் சாயங்காலம் தவறாமல் போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார். மாவனல்லையில் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவரைக் கூட்டிவந்து காட்டினார். அவர் மண்ணில் படுத்து அடிப்பக்கம் பார்த்துவிட்டு எழுந்து, "சேஸி வளஞ்சி பெய்த்து, கங்காணியார். எஞ்சினும் வெடிச்சிரிக்கி. இத வாங்க வாணாம்" என்றார். தோட்டத்து லொறி ஓட்டிய என் கணவரோ, "வளஞ்சத நிமித்திடலாம்ப்பா. ஒரு வருசமானாலும் நான் செஞ்சி ஓட்டிக் காட்றேன்" என்றார். மாமனாருக்கு எந்தப் பேச்சு இனித்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று என்னைக் கூப்பிட்டு, தாய்வீட்டில் எனக்குப் போட்ட அட்டியலைக் கேட்டார். "கழட்டித் தாம்மா. நான் எத்தன வருசமா காணுக்குள்ள எறங்கி நிக்கிறேன்? ஒரு நாளாச்சும் அந்தக் கார்ல நான் போவணும். மத்தவனெல்லாம் எறங்கி நிக்கிறத நான் பாக்கணும். நாளைக்கி நீயும்தானே அதுல போவப்போற?" என்றார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய கார் அது. ஓட்டுவதற்கு என் கணவர், உட்கார்ந்து போக அவர். நான் கழற்றிக் கொடுத்தேன்.

கால் நசுங்கியவள் மூன்றாம் லயத்துக்காரி, புருஷனை இழந்து தனியாக இருந்தவள். டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். பாதம் ஒரு பக்கமாகத் திரும்பி அப்படியே கூடிவிட்டது. மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்ட முடியாதவளுக்கு முழுச் சம்பளம் இல்லை, உட்கார்ந்து புல் பிடுங்கினால் அரைச் சம்பளம் என்று தீர்த்தவர் மாமனார்தான். அப்போதும் அவர் பேசிக்கொண்டிருந்தது காருக்கு எந்தச் சாயம் அடிப்பது என்பதைப் பற்றி.

சின்னதுரை இழுத்தடித்தார். பங்களாப் படிக்கட்டின் கீழே மாமனாரை வெகுநேரம் நிற்க வைத்து, "நாளைக்கு வா" என்பார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து ஆளோடு வரச்சொல்லி அனுப்பினார். கார் கிடைத்துவிட்டது என்றே நினைத்தோம். மாமனார் கோட்டைத் துவைத்து மாட்டிக்கொண்டு, அட்டியல் விற்ற பணத்தை மடியில் முடிந்துகொண்டு போனார். நான் மேட்டில் நின்று பார்த்தேன்.

புகைக்கூடத்திலிருந்து காரைப் பள்ளத்தின் ஓரத்துக்கு உருட்டி வைத்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் கையில் கிளாசோடு நின்றார்கள். சின்னதுரை, தான் பழகிய தமிழில், "கங்காணி, ஏறி உக்காரு" என்றார். மாமனார் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குங்க தொரை."

துரைமார் கைதட்டிச் சிரித்தார்கள். "சரி, எறங்கு. கங்காணி உக்காந்த கார் இனி எவன் தொடுவான்? பள்ளத்துல தள்ளு."

மாமனாருக்கு முதலில் விளங்கவில்லை. சின்னதுரை இன்னொரு தடவை சொன்னார். பிறகு மாமனார் இறங்கினார், செருப்பைப் போட்டுக்கொண்டார், தலைப்பாகையைச் சரிசெய்தார். "தள்ளுங்கடா" என்று ஆட்களைப் பார்த்துக் கத்தியபடி தானும் தோள் கொடுத்தார். கார் பாறையில் மோதி, புரண்டு, கீழே ஓடையில் போய்க் குப்புற விழுந்தது.

அப்போதுதான் மேல் சரிவில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த மூன்றாம் லயத்துக்காரி சிரித்தாள். அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மலைக்கே கேட்கும்படி சிரித்தாள். துரைமாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மாமனார் அவள் இருந்த பக்கம் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலைப் பிரட்டில், ஆட்களெல்லாம் வேலைக்காக வரிசையில் நிற்கும்போது, அவளை முன்னால் கூப்பிட்டார். தோட்டத்தில் அவளுக்கு இனி வேலையும் இல்லை, குடியிருக்கக் காம்பராவும் இல்லை என்றார்.

"நான் எங்க போவேங்க? நடக்கக் காலு இல்லியே கங்காணி" என்று அவள் அழுதாள்.

"சிரிக்க வாய் இருந்திச்சில்ல? அதாலயே நட" என்றார் மாமனார்.

வரிசையில் இரண்டொருவர் சிரித்தார்கள். அவரைக் குளிரவைக்கச் சிரித்த சிரிப்பு அது. அவளுடைய சட்டிபானையை வெளியே எடுத்து வைத்தவர் என் கணவர். கம்பை ஊன்றிக்கொண்டு, மூட்டையைத் தலையில் வைத்து, நின்று நின்று அவள் ரோட்டில் இறங்கிப் போனாள். ரம்புக்கனை ஸ்டேஷனில் ரயிலுக்கு ரயில் கையேந்திக்கொண்டிருந்தாள் என்று யாரோ வந்து சொன்னார்கள். அடுத்த மழைக்குப் பிறகு அந்தப் பேச்சும் நின்றுபோனது.

மாமனார் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. தோட்டத்துப் பழைய ஆட்கள் இன்றும் அவரை மானஸ்தர் என்கிறார்கள். வெள்ளைக்காரன் செய்த அவமானத்தில்தான் மனம் உடைந்து செத்தார் என்கிறார்கள். என் கணவர் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வைத்து அந்தக் கதையைச் சொல்லும்போது, கார் பள்ளத்தில் உருளும் இடத்தில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பிள்ளைகளுக்கும் கண் கலங்கும்.

போன வாரம் சின்னவள் கேட்டாள்: "அப்புறம் என்னா நடந்திச்சி தாத்தா?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அப்புறம் என்னா, ஒண்ணுமில்ல."