பூவாயி பிடித்த கயிறு

எங்கள் குப்பத்தில் பெரிய வலை போட்டால் கரையில் இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று கயிறு இழுப்பார்கள். மீன் விழுந்த வலைப் பை, அதான் மடி, மணலுக்கு ஏறுவதற்குள் யார் வந்து கயிற்றில் கை வைத்தாலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. மாமல்லபுரம் பார்க்க வந்த வெளியூர்க்காரன் விளையாட்டாகப் பிடித்தால்கூட நாலு கை காரப்பொடி மீன் அள்ளிப் போடுவார்கள். புருஷனை இழந்தவள் மட்டும் தொடக் கூடாது. தொட்டால் கங்கையம்மன் கோபித்துக்கொள்வாள், மடி வெறுமனே வரும் என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பூவாயி எனக்கு அடுத்த வீடு. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில் கடலுக்குப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. அதுவரைக்கும் ஆம்பளைகளுக்குச் சமமாகக் கயிறு இழுத்தவள் அவள். அப்புறம் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போனாள். காலை முழுக்க ஐஸ் தண்ணீரில் கை, இறால் தலை முள் குத்திக் குத்தி விரல் இடுக்கெல்லாம் வெந்து கிடக்கும். சாயங்காலம் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு கேளம்பாக்கம் போய் அடுக்கு வீடுகளில் விற்பாள். ஷேர் ஆட்டோக்காரன் அவளைக் கடைசி சீட்டில் ஓரமாக உட்காரச் சொல்வான், நாற்றமாம்.

அவள் அண்ணன் மகன் லோகு அவளோடுதான் இருந்தான். தாய் இல்லாத பிள்ளை, அப்பன் குடிகாரன். இவள்தான் பத்து வயசிலிருந்து சோறு போட்டாள், செங்கல்பட்டில் காலேஜிலும் சேர்த்தாள். அங்கே அவனுக்குப் பேராசிரியர் கலைவாணன் பேச்சில் பைத்தியம் பிடித்தது. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் போனில் அந்தக் குரல்தான். பூவாயி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டே கேட்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் கேட்பேன்.

நல்ல பேச்சு, பொய் சொல்ல மாட்டேன். உழைக்கிறவனுக்குத்தான் எல்லாம் சொந்தம் என்பார். சாமி இல்லை என்பார். அதற்காக எனக்கு அவர்மேல் கோபம் வந்ததில்லை. அவர் இல்லை என்பதால் என் அம்மனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஒருநாள் பூவாயியிடம் சும்மா கேட்டேன்.

"ஏண்டி, சாமி இல்லன்றாரு அந்த ஆளு. நீ தலைய ஆட்டிகினு கீறியே?"

"அத வுடு. புருசன் செத்தா பொம்பள இன்னா குத்தம் பண்ணான்னு கேட்டாரே, அது காதுல வுழலியா? அத எந்த சாமி கேட்டுது?"

நான் எழுந்து அம்மனுக்கு விளக்கேற்றப் போனேன்.

அந்தப் பேச்சால் அவள் மாறித்தான் போனாள். ஷெட்டில் பொம்பளைகளைச் சேர்த்துக்கொண்டு ரெண்டு நாள் வேலைக்குப் போகாமல் இருந்து கையுறை வாங்கினாள். கேளம்பாக்கத்தில் ஒரு அம்மா பேரம் பேசியதற்கு, "இன்னாம்மா, இதுக்குப் பேர்தான் சுரண்டல்" என்று சொல்லிவிட்டு வந்து, அந்த அம்மா முழித்த முழியை எனக்கு நடித்துக் காட்டினாள். இதெல்லாம் அவர் கொடுத்த தைரியம்தான். மறுக்கவில்லை.

தை மாசம் செங்கல்பட்டு கூட்டத்தில் அவர் எங்கள் குப்பத்தைப் பற்றியே பேசினார். லோகு போய்ச் சொல்லியிருக்கிறான். "கயிற்றைத் தொட்டவருக்கெல்லாம் அங்கே பங்கு. நீ யார் என்று கேட்பதில்லை. படிக்காத அந்த மக்கள் பொதுவுடைமையை வாழ்ந்து காட்டுகிறார்கள்" என்று சொன்னதும் ஒரே கைதட்டல். எங்கள் பிள்ளைகள் ஒரு வாரம் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்கள்.

பூவாயி லோகுவைக் கேட்டாள். "யாருன்னு கேக்கறதில்லயாமே. என்ன மட்டும் கேக்கறாங்களேடா?"

"பேச்சுல அப்டித்தான் அத்த வரும். நீ பெருசா பாரு."

"ஐயாவுக்குத் தெரியாது போல. தெரிஞ்சா சும்மா வுடுவாரா?"

அவர் சொல்வதை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொண்டாள். அவள் பண்ணிய தப்பு அது ஒன்றுதான்.

மாசி மாசம் அவரே படம் பிடிக்க வந்தார். கூட ஆறு பேர், கேமரா, லோகு கையில் அவருக்கு ஒரு குடை. பேண்டை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு கயிறு பிடித்தார். அன்றைக்குக் காலையில் பூவாயி தலைக்குக் குளித்து, மடித்து வைத்திருந்த புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னிக்கிப் புடிக்கப் போறேன்" என்றாள்.

"வேணாண்டி."

"நீ சும்மா இரு. ஐயா கீறாரு."

நேராகப் போய் அவருக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தாள். வரிசை அப்படியே நின்றுவிட்டது. வலைக்குச் சொந்தக்காரரும் ஊருக்குப் பெரியவருமான நீலமேகம் தன் கையைக் கயிற்றிலிருந்து எடுத்தார்.

"பூவாயி, கைய எடு."

"அவுரையே கேளு அண்ணாத்த. அவரு சொன்னதுதான்."

எல்லாரும் பேராசிரியரைப் பார்த்தோம். அவர் கேமராக்காரனைப் பார்த்து நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். பிறகு சிரித்த முகத்தோடு சொன்னார். "அம்மா, உங்க உணர்வு எனக்குப் புரியுது. ஆனா இது மக்களோட நம்பிக்கை, அம்மனோட காரியம். நாம அவசரப்படக் கூடாது. இன்னிக்கு மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"அம்மனே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

யாரோ பின்னால் சிரித்தார்கள்.

"அது வேற இடத்துல பேசறதும்மா" என்றார். பிறகு திரும்பி, "தோழர், கொஞ்சம் பாருங்க" என்றார்.

லோகு குடையை மணலில் வைத்தான். அத்தையிடம் வந்தான். கயிற்றிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டிய விரல்கள். "இழுங்கப்பா" என்றார் நீலமேகம். கேமரா மறுபடி ஓடியது.

நான் விளக்கேற்றிக் கும்பிடுகிற அம்மனை, இல்லவே இல்லை என்று ஊர் ஊராகப் பேசுகிற மனுஷன், அன்றைக்கு ஒரு பொம்பளையை விரட்டக் கோலாக எடுத்துக்கொண்டார். போகும்போது ஒரு வஞ்சிரத்தையும் எடுத்துக்கொண்டு போனார். அது கயிறு பிடித்த பங்கு.

ரெண்டு வாரம் கழித்துப் படம் வந்தது. லோகு போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"அத்த, உன் கைதான் மொதல்ல வருது பாரு. மூணு லட்சம் பேரு பாத்துட்டாங்க."

நிஜம்தான். வளையல் இல்லாத கை, அதில் கயிறு. மேலே அவர் குரல்: "இங்கே கைம்பெண்ணும் கயிறு பிடிக்கிறாள். அவளுக்கும் பங்கு உண்டு." வலைக்காரர் நீலமேகத்தின் பெரிய மனசைப் பற்றியும் ரெண்டு வார்த்தை. பூவாயி மூன்று தடவை போட்டுப் பார்த்தாள்.

"பாத்தவங்கல்லாம் நான் பங்கு வாங்கினேன்னுதானே நெனைப்பாங்க?"

"ஆமா அத்த."

"செரி."

அவன் முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. அதைப் பார்க்க முடியாமல் நான் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை வலை போட்டார்கள். பூவாயி ஷெட்டுப் புடவையோடே போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

"மறுபடியும் இன்னாடி பேஜாரு?" என்றார் நீலமேகம்.

"மூணு லட்சம் பேரு பாத்துட்டாங்க அண்ணாத்த. உனக்குப் பெரிய மனசுன்னு அதுல சொல்லி கீது. இல்லன்னா, அது பொய்யின்னு ஊரக் கூட்டிச் சொல்லு. கைய எடுத்துடறேன்."

அந்தப் படத்தை ஏலக்காரனிலிருந்து ஐஸ் வண்டிக்காரன் வரைக்கும் காட்டிப் பெருமை அடித்தவர் அவர். எப்படிச் சொல்வார்? காறித் துப்பினார். "புடிச்சித் தொல."

அவளுக்கு முன்னால் இருந்தவன் நாலு அடி தள்ளிப் போனான், பின்னால் இருந்தவனும் அப்படியே. நடுவில் அவள் ஒருத்தியாக இழுத்தாள். மடியில் நெத்திலி எப்போதும் போலத்தான் இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மற்றவர்களுக்குக் கையால் அள்ளிப் போட்ட நீலமேகம், அவள் பங்கை மட்டும் காலால் மணலில் தள்ளிவிட்டார். அவள் குனிந்து ஒன்று விடாமல் பொறுக்கினாள், கடலில் மூன்று முறை அலசினாள். லோகு அன்றைக்குக் கரைக்கு வரவில்லை. பேராசிரியர் கூட்டம் என்று கேளம்பாக்கம் போயிருந்தான்.

மத்தியானம் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து வைத்தாள்.

"காலால தள்ளின மீனுடி. எனக்கு எறங்காது" என்றேன்.

"மணலுதான் கழுவியாச்சே. உப்பு செரியா கீதா பாரு."

அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு தட்டில் சோறும் மீனும் தனியாக எடுத்து மூடி வைத்திருந்தாள்.

"லோகுவுக்குமாடி?"

"இழுத்தவ நானு. யாருக்குப் போடணும்னு நான்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து தன் சோற்றைப் பிசைந்தாள்.