அத்தை தொடாத தக்காளி

புகையிலை போடுகிறவர் சோப்பால் கை கழுவாமல் தக்காளிச் செடியைத் தொடக் கூடாது. பயிர்நோய்த் துறையில் இருந்தவரை இந்த விதியை ஊருக்கெல்லாம் ஓதினேன். அறுபதுகளில், பம்பாய் செம்பூரில் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்புறம் அப்பா தக்காளி நட்டபோது, அதை ஓத ஆள் இல்லை.

அப்பாவின் தங்கை, கணவரை இழந்து பாலக்காட்டிலிருந்து எங்களிடம் வந்திருந்தாள். மாட்டுங்காவில் டைப்பிங் படித்தாள். பரீட்சையில் தேறினால் ஆபீஸ் வேலை. யார் வீட்டு அடுக்களையிலும் ஒண்டிக் கிடக்க வேண்டாம். பஸ்ஸில் என் முதுகின் மேல்கூட விரல்களால் அடித்துப் பழகுவாள். மாலையில் செடிகளுக்குத் தண்ணீர் விடுவாள், அவ்வளவுதான். அப்பாவோ காலையில் உள்ளங்கையில் புகையிலையைக் கசக்கி வாயில் அதக்கிக்கொண்டு, அதே விரல்களால் செடி செடியாகப் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுவார். ஆபீஸ் ஃபைலைப் போல, ஒன்றையும் விடமாட்டார்.

பூக்கும் சமயத்தில் இலைகளில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுகள் விழுந்தன. கொழுந்துகள் நூல்போல் குறுகின.

"உன் கை பட்டு எதுடி உருப்பட்டிருக்கு?" என்றார் அப்பா.

"நான் தண்ணிதான் விட்டேன் அண்ணா. இலையைத் தொட்டதே இல்லை."

"தொடாமயே இந்த லட்சணம்!"

பரீட்சைக்கு முந்தின வாரம் அவளைப் புகுந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்த வருடம் புது மண், புது நாற்று. அதே திட்டுகள்.

"இப்போ யார் கை பட்டுதாம்?" என்றாள் அம்மா.

அப்பா புகையிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "பம்பாய் மண்ணே சரியில்லை" என்றார். மண்ணை ரயிலேற்ற முடியாது.

நோய் கையால்தான் வந்தது. அந்த மட்டில் அப்பா சொன்னது சரி. அது ஒரு வைரஸ். காய்ந்த புகையிலையில் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். விரலில் ஒட்டி, கிள்ளிய காயத்தின் வழியே செடிக்குள் இறங்கும். மின் நுண்ணோக்கியில் முதன்முறை பார்த்தபோது ஈர்க்குச்சியை ஒடித்துப் போட்டதுபோல் கிடந்தது. அத்தைக்குச் சொல்லலாமென்றால், அதற்குள் அவள் போய்ச் சேர்ந்திருந்தாள்.

அவளை ஊருக்கு அனுப்பிய அன்று, தாதர் ஸ்டேஷனில் ரயிலின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வியர்த்துக் கொட்டும் மதியம். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள். கம்பி வழியாகக் கன்னத்தை நீட்டினேன். எப்போதும் கிள்ளுகிறவள், "நன்னாப் படிடா கண்ணா" என்றதோடு சரி. கையை வெளியே எடுக்கவே இல்லை. வண்டி நகர்ந்தது. என் மேல் அவளுக்கு என்ன கோபம் என்று செம்பூர் வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.