பிஸ்கட் பாட்டிலில் ஒரு சாவு

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தது. பதறாதீர்கள் — செத்துவிட்டது என்று நான் நினைத்தது ஒரு எட்டுக்கால் பூச்சியை.

சாதாரணப் பூச்சி இல்லை. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் ரோமம். டரான்டுலா என்பார்கள். பாகூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் பட்டுப்போன பனைமரத்தை வெட்டியபோது பொந்திலிருந்து வந்தது. ஆளாளுக்கு விளக்குமாற்றைத் தேட, நான் டீக்கடை பிஸ்கட் பாட்டில் ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்தேன். பத்து மாதமாக அதில்தான் இருக்கிறது. மூடியில் ஓட்டை, அடியில் ஈர மண், சோடா மூடியில் தண்ணீர், வாரத்துக்கு இரண்டு கரப்பான். குரைக்காது, கடைத்தெருவுக்குக் கூட்டிப்போகச் சொல்லாது... வேறென்ன வேண்டும்?

"பேரு கீரு வச்சிடாதீங்க. அப்புறம் ரேஷன் கார்டுல சேக்கணும்பீங்க" என்றாள் மனைவி. வைக்கவில்லை.

சிக்கல் பக்கத்துப் போர்ஷனில் ஆரம்பித்தது. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் மங்கை அக்கா. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். அவர் இடுப்பில் கொப்புளம் கிளம்பியது. அக்கி. எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் டாக்டருக்கு முன்னால் குயவரைத்தான் தேடுவார்கள். செங்காவியைக் குழைத்து, கொப்புளத்தைச் சுற்றி மூன்று நாள் எழுதுவார். வில்லியனூரிலிருந்து வந்த குயவர் எழுதிக்கொண்டே கேட்டாராம்: "வூட்ல எட்டுக்கால் பூச்சி எதனா இருக்குதா?"

போதாதா?

"சார், கோச்சுக்காதீங்க" என்று வாசலில் வந்து நின்றார் அக்கா. "நெருப்ப வாரிக் கொட்டின மாதிரி எரியிது. அது எச்சி பட்டாத்தான் அக்கி வருமாம். அத்த அடிச்சிடுங்க."

"எங்கயாவது தூரமா கொண்டுபோய் விட்டுட்டா?"

"வுட்டா திரும்பி வந்துடும் சார்."

பாட்டிலை விட்டு அது வெளியே வந்ததே இல்லை, பத்து நாளாகச் சாப்பிடக்கூட இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாலு ராத்திரி தூங்காத அந்தக் கண்களைப் பார்த்தபின் வாய் வரவில்லை. சரி என்றேன்.

மறுநாள் காலை மண்ணெண்ணெய் டப்பாவோடு போனால்... அது மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே.

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை — நிம்மதி. கொல்லும் வேலை மிச்சம். எழுதவே வெட்கமாக இருக்கிறது. பிரியமாக வளர்க்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறோம். யாராவது வாசலில் வந்து நின்று கேட்டால் அந்தப் பிரியம் எத்தனை நிமிஷம் தாங்குகிறது?

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாட்டிலில் முகத்தை ஒட்டி வெகுநேரம் பார்த்தார்.

"சரி சார். இப்ப கை வைக்காதீங்க. சாயங்காலமா எடுத்துப் போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் பாட்டிலுக்குள் இரண்டு! ஒன்று வெறும் தோல், உரித்துப் போட்ட சட்டை. இன்னொன்று புது மெருகோடு, முன்னைவிடப் பெரிதாக நின்றுகொண்டிருந்தது. சட்டை கழற்றும்போது மல்லாந்து படுக்கும் என்பதுகூடத் தெரியாமல் பத்து மாதம் வளர்த்திருக்கிறேன்.

சந்தோஷப்பட முடிந்ததா? சாவு சொல்லியாகிவிட்டது. பாட்டிலைப் பரண்மேல் ஒளித்தேன். மூன்றாவது எழுத்தும் முடிந்து, அக்காவுக்கு அக்கி காயத் தொடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்கும்போதெல்லாம் எனக்குத்தான் உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை நானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நன்றாகத் திட்டட்டும் என்று நின்றேன்.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அன்னிக்கே தெரியும் சார்."

"தெரியுமா?"

"ஒவ்வொரு காலா இழுத்துக்கினு இருந்துச்சே. மூணு புள்ள பெத்தவ நான். அது சாவுற இழுப்பா, பொழைக்கிற இழுப்பான்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா நீங்க அடிச்சிடுவீங்களே."