மஞ்சள் பின் மட்டும்

கம்ப்யூட்டரின் பக்க மூடியைக் கழற்றினால் சூடான தூசி வாசனை வரும், ஞாபகம் இருக்கிறதா? எங்கள் அவனியாபுரம் வீட்டில் அன்று அதோடு முந்தின நாள் பிரியாணி வாசனையும் சேர்ந்து கிடந்தது.

முந்தின நாள்தான் அப்பா அம்மாவின் கல்யாண வெள்ளிவிழா. கோயிலில் பூசை, வீட்டில் விருந்து. சிங்கப்பூர் சித்தப்பா, குட்டி கேசட் போடுகிற வீடியோ கேமராவில் எல்லாவற்றையும் எடுத்தார்.

அப்பாவும் அம்மாவும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை. வீட்டிலும் அப்பாவுக்கு அம்மா "டீச்சர்"தான். "டீச்சர், காபி!" அம்மாவின் பேரை அவர் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. அன்று விருந்தில் எல்லாருக்கும் நன்றி சொல்லி முடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு...

"எல்லாத்துக்கும் மேல, என் அமலிக்கு."

அடேயப்பா! நாங்கள் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது.

மறுநாள் சாயங்காலம் சித்தப்பாவுக்கு ஃபிளைட். அதற்குள் டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். மூடியைக் கழற்றி உள்ளே இருப்பதைக் குறித்துக்கொண்டு, நானும் அப்பாவும் ஷேர் ஆட்டோ பிடித்து டவுன் ஹால் ரோட்டுக்கு ஓடினோம்.

கடைக்கார அண்ணன் தெளிவாகத்தான் சொன்னார். "சார், யூஎஸ்பில போட்டோ மட்டுந்தான் வரும். டேப்புக்கு ஃபயர்வயர்தான் சரி. படம், சத்தம் எல்லாம் ஒரே வயர்ல வந்துரும். ஆனா ஒங்க கம்ப்யூட்டர்ல அந்த வயரைச் செருக எடம் இல்ல, தனியா கார்டு போடணும்."

"அதுக்குன்னு ஒரு கார்டா?" என்றார் அப்பா.

வீட்டுக் கம்ப்யூட்டரில் டிவி பார்க்கிற கார்டு ஏற்கெனவே இருந்தது. கேமராவோடு வந்த வயரின் மஞ்சள் பின்னை அதில் செருகினால் படம் வரும். சத்தத்துக்கு வேறொரு சின்ன வயர் வேண்டும். அது நாளைக்குத்தான் வரும் என்றார் அண்ணன்.

அப்பா சிரித்தார். "படம் வந்தாப் போதும்ப்பா. என் சத்தந்தான் வீட்ல தெனமும் கேக்குதே... அதைப் போயி எதுக்கு ஏத்தணும்?"

அதுவும் சரிதான். தலைக்கு மேல் விமானம் போனாலும் அப்பா பேச்சை நிறுத்தமாட்டார். விமானம்தான் தோற்கும்.

டேப் ஓடி முடிகிற வரை குடும்பமே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தது. ஊமைப்படம். ஆளாளுக்கு டப்பிங் கொடுத்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்பா பேசுகிற இடம் வந்ததும் அம்மா வெட்கப்பட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

கிளம்பும்போது அப்பாவே கேசட்டைச் சித்தப்பாவிடம் நீட்டினார். "அதான் ஏத்தியாச்சுல்லடா, இதுலயே வேற எதுனா எடுத்துக்க. புதுசை ஏன் வீணாக்குற?" சித்தப்பாவும் அதன் மேலேயே தன் பிள்ளைகளின் பள்ளி ஆண்டுவிழாவை எடுத்துவிட்டார். யாரைக் குறை சொல்ல?

இப்போது வயரே வேண்டாம். என் மகள் தும்முவதைக்கூட சத்தத்தோடு எடுத்து அடுத்த நொடியே அனுப்பிவிடுகிறேன். அப்பாவின் சத்தம் மட்டும் எங்கேயும் இல்லை. அவர் போன பிறகு வீடு முழுக்கத் தேடிவிட்டேன். அந்தச் சின்ன வயருக்காக ஒரு நாள் காத்திருந்திருக்கலாம்... சித்தப்பா கேமராவை விட்டுவிட்டுப் போயிருக்கலாம்... என்னென்னவோ தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அம்மா என் போனில் அந்த ஊமைப்படத்தைப் போடச் சொல்வார். இப்போது அடுப்படிக்குப் போவதில்லை. அப்பா தொண்டையைச் செருமுகிற இடத்தில் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். படத்தில் அம்மாவின் பேருக்கு அப்பாவின் உதடு ஒருமுறை மூடித் திறக்கும்.

"இந்தா, இங்கதான்... சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுய்யா."

நானும் கூட்டி வைக்கிறேன்.