குளங்களுக்குப் போகும் கிறவல் பாதை

இப்போது சரளைக்கல் பரவிய கிறவல் பாதையில் ஓட்டுவதற்கென்றே தனிச் சைக்கிள் விற்கிறார்கள். அதற்கேற்ற சப்பாத்து, காற்சட்டை, கையுறை எல்லாம் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நான் ஓட்டிய காலத்தில் அதற்கு ஒரு பெயர்கூட இருக்கவில்லை. பக்கத்துத் தெரு வெள்ளைக்காரி ஒருத்தி வீடு மாறும்போது குப்பைக்குக் கொடுக்க இருந்த, தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். சுனாமி வந்த வருடத்துக் கோடைகாலம் அது.

கலியாணம் கட்டி லண்டனில் சட்டனுக்கு வந்து நான்காவது வருடம். என் கணவருக்குச் சொந்தக் கடை. ஞாயிற்றுக்கிழமையும் காலையில் திறந்தால் இரவுதான் பூட்டுவார். எனக்குக் கிழமை நாட்களில் வேலை, ஞாயிறு லீவு. வீட்டில் இருந்தால் ரெலிபோன் அடிக்கும். லூயிஷாமில் இருந்து கணவரின் சகோதரியான மச்சாள், அப்டன் பார்க்கில் இருந்து அவருடைய மாமி முறையான ஒருத்தி. சுகம் விசாரித்துவிட்டு, கடைசியில் குரலைத் தணித்து, "என்ன, ஏதும் விசேஷமோ?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிற்று. அந்த ரெலிபோனுக்குத் தப்பத்தான் முதலில் சைக்கிளை எடுத்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

ரெயிலில் சைக்கிளை ஏற்றித் தெற்கே போனால், நகரம் தேய்ந்து தேய்ந்து ஆளில்லாத ஒரு குட்டி ஸ்டேஷன் வரும். இறங்கி, தேவாலயத்துக்குப் பக்கத்தால் திரும்பினால் தார் றோட்டு முடிந்து கிறவல் தொடங்கும். குதிரைகள் போவதற்கான பாதை, சைக்கிளும் போகலாம். இரண்டு பக்கமும் பைன் மரம். முன்னொரு காலத்தில் அங்கே இரும்பு உருக்கினார்களாம். சம்மட்டியைத் தண்ணீர் விசையால் இயக்குவதற்காக ஓடையை மறித்து மறித்துக் குளங்கள் கட்டியிருக்கிறார்கள். இரும்பும் போய், சம்மட்டியும் போய், குளங்கள் மட்டும் மிச்சம். ஒரு குளம் நிரம்பி அடுத்ததற்குள் விழும், அது நிரம்பி அதற்கடுத்ததற்குள். கடைசிக் குளத்தில் தண்ணீர் மணற்பாறையின் மேலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு விழும். அதை நீர்வீழ்ச்சி என்று சொன்னால் மலைநாட்டுச் சனம் சிரிக்கும். எனக்கு அது போதுமாக இருந்தது.

கிறவலில் ஓட்டுவது தார் றோட்டில் ஓட்டுவது மாதிரி இல்லை. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட வேண்டும். இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் முகம் குப்புற விழ வேண்டியதுதான். நான் இரண்டு தரம் விழுந்திருக்கிறேன். சில்லு தன் பாட்டில் ஆட, அதை ஆடவிட்டு, உடம்பைப் பின்னால் தள்ளி இருந்துகொள்ள வேண்டும். இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. ஊரில் போரால் இடம்பெயர்ந்த காலத்தில் நாங்கள் சைக்கிளில் வீட்டையே கட்டிக்கொண்டு உழக்கினவர்கள். அப்போது உயிருக்குப் பயந்து உழக்கினேன். இங்கேதான் முதன்முதலாக எனக்காக உழக்கினேன்.

அந்தப் பாதையில் எனக்கு ஓர் உறவுமுறையும் கிடையாது. யாருக்கும் மனைவி இல்லை, மருமகள் இல்லை, விசேஷம் இல்லாதவள் இல்லை. எதிரே குதிரையில் வருகிறவர்கள் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சொல்லை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

கணவர் தடுக்கவில்லை. ஊர்க்கண்ணில் படாதவரை அது அவருக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

ஊர்க்கண் சட்டன் ஸ்டேஷனில் பட்டது. மழைபெய்த ஒரு ஞாயிறு, தொடைவரை சேறு, தலைமயிரெல்லாம் நனைந்து நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வருகிறேன். கோயிலுக்குப் போய்விட்டு, பட்டுச் சேலையோடு, கையில் பலகாரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்த மச்சாள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கார் எங்கை?" என்றாள்.

கார் கடையில் அவரோடு நிற்கிறது, நான் விருப்பப்பட்டுத்தான் சைக்கிளில் போய் வருகிறேன் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பவில்லை. ஜேர்மனியில் அகதி முகாமில் இருந்து, துப்புரவு வேலை செய்து, லண்டன் வந்து வீடு வாங்கின மனுஷி. கார் வைத்திருக்கிற வீட்டுப் பொம்பிளை ஆசைக்குச் சேற்றில் உழக்குவாள் என்று அவளுக்கு யார் சொன்னாலும் நம்ப மாட்டாள்.

அந்தக் கிழமையே கதை லூயிஷாமில் தொடங்கி அப்டன் பார்க் வரைக்கும் போய்விட்டது. கடை படுத்துவிட்டதாம், காரை விற்றுவிட்டார்களாம், அந்தப் பிள்ளை மழைக்குள் சைக்கிளில் வேலைக்குப் போகுதாம். ஒருத்தர் தன்னுடைய பழைய கோட்டைக் கொண்டுவந்து தந்தார். இன்னொருத்தர் சட்டி நிறைய இறைச்சிக்கறி. "உப்பிடி உழக்கினால் வயித்திலை எப்பிடித் தங்கும்?" என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரேயே கேட்டாள். நான் இறைச்சிச் சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

கணவர் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நானும் நாலு கேட்டிருப்பேன். அவர் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டு, வாயை மூடிக்கொண்டு படுத்தார். அந்த மௌனத்தைக் கண்டு இரண்டு மூன்று ஞாயிறு நான் போகவில்லை. பிறகு சுனாமி வந்தது.

ஊருக்குச் சாமான் அனுப்ப எல்லாரும் சேர்த்தார்கள். உடுப்பு, பால்மா, மருந்து, கூடாரம். ஒரு பின்னேரம் வேலையால் வந்து பார்க்கிறேன், பின்வளவில் சைக்கிள் இல்லை. ஊருக்குப் போகிற கொண்டெய்னருக்கு அவர் அதைக் கொடுத்துவிட்டார். "கடற்கரைச் சனத்துக்கு ஏறிப் போக ஒண்டுமில்லை. உனக்கு என்னத்துக்கு?" என்றார். சேகரித்த இடத்தில் எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்களாம். மனைவியின் சைக்கிளையே கொடுத்த மனுஷன்.

நான் என்ன வாய் திறக்க? பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்குப் போகிற சாமானைத் திருப்பித் தா என்று எந்த வாயால் கேட்பது? அதை அவர் தெரிந்துதான் செய்தார் என்று ஒரு நாள் தோன்றும். இல்லை, நல்ல மனசோடுதான் செய்தார் என்று அடுத்த நாள் தோன்றும். இரண்டாவது எண்ணம்தான் அதிகம் கசந்தது.

மற்றக் கிழமை வீட்டு வாசலில் சின்னச் சிவப்புக் கார் ஒன்று நின்றது. ரேடியேட்டரில் பூமாலை, சில்லுக்குக் கீழே தேசிக்காய். மச்சாள் குடும்பத்தைக் கூப்பிட்டு வைத்துத்தான் சாவியைத் தந்தார். "இனி நீ றோட்டிலை உழக்கத் தேவையில்லை," என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். தேசிக்காய் நசிய நான் காரை முன்னால் எடுத்தேன்.

என் சைக்கிளில் எங்கோ ஒரு பெட்டை பள்ளிக்கூடம் போகிறாள் என்று கொஞ்சக் காலம் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கொண்டெய்னர் இன்னும் கொழும்புத் துறைமுகத்தில்தான் நிற்கிறது, வெளியே எடுக்க ஏலாமல் இருக்கிறது என்று பிறகு கேள்விப்பட்டோம். கணவருக்குக் கவலைதான். "நாங்கள் குடுத்தது குடுத்ததுதானே," என்றார்.

மே மாதத்து லீவு நாள் ஒன்றில் அவர் கடையைப் பூட்டினார். நான் போய்வந்த இடத்தைப் பார்க்கப் போகலாம் என்று அவராகவே சொன்னார். மச்சாளும் அவள் கணவரும் வந்தார்கள். என் கார், நான்தான் ஓட்டினேன். முதலாவது குளத்தடியில் கார் நிறுத்த இடமிருந்தது. இடமெல்லாம் நிறைந்துகிடந்ததால் ஓரமாக ஒரு மரக் கேற்றுக்கு முன்னால் விட்டேன். காருக்குள் இருந்தபடியே ரோல்ஸும் தேத்தண்ணியும் எடுத்தார்கள். தண்ணீர் விழுகிற சத்தம் அங்கே கேட்காது. அதற்கு ஒரு மைல் கிறவலில் போக வேண்டும்.

நான் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். மச்சாள் என் செருப்பைப் பார்த்தாள்.

"தனியப் போய் என்ன செய்யப்போறாய்?" என்றார் கணவர். "குளம் இதிலையும் தெரியுதுதானே. ஆசைப்பட்ட இடத்தைப் பாத்திட்டாய்."

கேலி இல்லை. ஆசையை நிறைவேற்றி வைத்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது. ஓம் என்றேன்.

அப்போது யாரோ கண்ணாடியில் மெதுவாகத் தட்டினார்கள். இரண்டு பெண்கள், சைக்கிளோடு, முழங்கால்வரை சேறு. கார் கிறவல் பாதைக் கேற்றை மறித்து நிற்கிறது, கொஞ்சம் பின்னால் எடுக்க ஏலுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டுக் காரைப் பின்னால் எடுத்தேன். அவர்கள் கேற்றைத் திறந்து உள்ளே போய், ஒருத்தி திரும்பி நின்று அதைச் சாத்திவிட்டு, கார்க்காரிக்கு நன்றி என்று எனக்குக் கையைக் காட்டினாள்.